செவிசாய்க்கும் கடமை

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வானொலித் தொலைநோக்கி ஒன்று இடித்து அகற்றப்பட்டது. அது நின்ற நிலம் முன்னரே கைமாறியிருந்தது; அருகிலிருந்த கோல்ஃப் திடலை விரிவாக்க இடம் தேவைப்பட்டது; ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் அரும்பாடுபட்டு எழுப்பிய பெருங்கருவி பழைய இரும்பாயிற்று. ‘பெருஞ்செவி’ என்று பொருள்படும் பெயரால் அது அழைக்கப்பட்டு வந்தது. 1977 ஆகஸ்ட் 15 அன்று தனுசு விண்மீன் குழுவின் திசையிலிருந்து வலிய சைகை ஒன்றை அக்கருவி பதிவு செய்தது. ஹைட்ரஜன் அணு இயல்பாக உமிழும் 1420 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி, மிகக் குறுகிய அலைப்பட்டையில் அது அமைந்திருந்தது. 72 நொடிகள் நீடித்தது. அசையாது நிற்கும் அக்கருவியின் பார்வையை, புவியின் சுழற்சியால் வானின் ஒரு புள்ளி கடந்து செல்ல ஆகும் காலமும் அதுவே. சில நாள் கழித்துப் பதிவுத்தாளைப் புரட்டிய ஜெர்ரி எஹ்மன் என்னும் வானியலாளர், அவ்வெண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, வியப்பு மேலிட ‘வாவ்’ என்று ஓரத்தில் எழுதினார். பின்னர் பல கருவிகள் பல முறை அதே திசையை நோக்கின. சைகை திரும்ப வரவில்லை. அதன் தோற்றுவாய் எது என்பது இன்றளவும் உறுதிப்படவில்லை.

அது வேற்றுலகோர் விடுத்த செய்தி என்று வாதிட நாம் முற்படவில்லை. ஒருமுறை மட்டுமே ஒலித்து மறைந்ததைச் சான்றாகக் கொள்வது அறிவியலின் மரபன்று. எனினும், இவ்வகிலத்தில் நாம் தனித்தவரா என்னும் வினாவுக்கு விடை தேடிய ஒரு கருவியை, அவ்வினா விடையின்றி நிற்கும்போதே, ஓர் ஆடுகளத்துக்காக இழக்க ஒரு செல்வ நாடு ஒப்பியது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. வேற்றுலக நாகரிகங்களைப் பற்றிய பேச்சு திரைப்படங்களிலும் பறக்கும் தட்டுக் கதைகளிலும் மலிந்து கிடக்கிறது. அவ்வினாவுக்கு உரிய உழைப்போ போதிய ஆதரவின்றி அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தள்ளாடுகிறது. கேட்பதற்கு வேண்டிய பொறுமையும் வானொலி அமைதியும் நம்மிடம் குறைந்து வருகின்றன. யாரையும் கலவாமல் பேசும் ஆவலோ பெருகி வருகிறது. இப்போக்கு மாற வேண்டும்.

உலகங்கள் பல என்னும் எண்ணம் புதிதன்று. எண்ணிலடங்கா அண்டங்களின் விரிவை மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் பாடினார். விண்மீன்கள் யாவும் ஞாயிறுகளே, அவற்றைச் சுற்றியும் உலகங்கள் உள்ளன என்று கூறிய இத்தாலிய அறிஞர் ஜியார்டானோ புரூனோ, 1600ஆம் ஆண்டில் ரோம் நகரில் சமய நீதிமன்றத்தின் தீர்ப்பால் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் அக்கருத்தும் ஒன்று. அருளாளரின் உள்ளுணர்வாயினும் அறிஞரின் துணிபாயினும் அவை சான்றாகா. சான்று கிட்டத் தொடங்கியது நம் தலைமுறையில்தான்.

1995ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயர், திதியே கேலோஸ் ஆகிய இருவரும், ஞாயிற்றை ஒத்த வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றை முதன்முதலாகக் கண்டறிந்தனர். 2019இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிட்டியது. 2009 முதல் 2018 வரை இயங்கிய கெப்ளர் விண்தொலைநோக்கி அத்தகைய கோள்களை ஆயிரக்கணக்கில் காட்டித் தந்தது; உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2022இல் ஐயாயிரத்தைக் கடந்தது. நம் பால்வழி மண்டலத்தில் குறைந்தது பத்தாயிரம் கோடி விண்மீன்கள் உள்ளன. கோள்கள் அரியவை அல்ல என்பது இன்று நிலைபெற்ற உண்மை. பாறையால் ஆனவையும், நீர் நீராகவே தங்கக்கூடிய வெப்பநிலையில் சுற்றுபவையும் அவற்றுள் உள்ளன.

ஆயினும் கோள் வேறு, உயிர் வேறு, நாகரிகம் வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதே இத்துறையில் நேரும் பெரும்பிழை. நாம் அறிந்த ஒரே சான்று நம் புவிதான். அதற்கு வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். உயிரின் தடயங்கள் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே காணப்படுகின்றன. அந்நெடுங்காலத்தின் மிகப் பெரும்பகுதியில் இங்கு வாழ்ந்தவை கண்ணுக்குப் புலப்படா நுண்ணுயிர்களே. விலங்குகள் தோன்றி ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகள். இன்றைய மனித இனம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகள். ஹெர்ட்சும் ஜகதீச சந்திர போசும் மார்க்கோனியும் வானொலி அலைகளைக் கையாண்டு நூற்று முப்பது ஆண்டுகளே ஆகின்றன. வேறோர் உலகத்தார் நம் புவியை நெடுங்காலமாகச் செவிமடுத்து வந்திருந்தாலும், 450 கோடி ஆண்டுகளில் கடைசி நூற்றாண்டு நீங்கலாக அவர்கட்கு ஒன்றும் கேட்டிருக்காது. உயிர் நிறைந்த உலகமும் வானொலியில் ஊமையாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் வரலாறே சாட்சி.

ஆகவே அகிலத்தில் வேறெங்கோ உயிர் இருத்தல் மிகவும் இயலக்கூடியது என்றே நாம் கருதுகிறோம். நாகரிகம் பற்றி அவ்வாறு சொல்லத் துணிவில்லை. 1950இல் லாஸ் அலமோசில் நண்பர்களுடன் உணவருந்துகையில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி ஒரு கேள்வி எழுப்பினார்: அகிலம் இத்துணைப் பழையதாயின், அறிவுடையோர் பலர் இருப்பின், அவர்கள் எங்கே? அக்கேள்விக்கு விடையாக எத்தனையோ கருதுகோள்கள் எழுந்துள்ளன. அறிவுடைய உயிர் தோன்றுவது அரிதினும் அரிது என்பர் சிலர். தோன்றும் நாகரிகங்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன என்பர் வேறு சிலர். அணுகுண்டு பிறந்த ஊரிலேயே அக்கேள்வி எழுந்தது என்பதால் இரண்டாவது கூற்று நம்மை அதிகம் உறுத்துகிறது. எனினும் இவை யாவும் ஊகங்களே. தேடாமல் முடிவு காண வழியில்லை.

தேடும் வழியை முதலில் தெளிவாக வகுத்துக் காட்டியவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜியூசெப்பே கொக்கோனியும் ஃபிலிப் மாரிசனும். 1959 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை மிகச் சுருக்கமானது. விண்மீன்களுக்கு இடையே விண்கலத்தில் சென்று சேர்வது எவ்வளவு அரிது என்பதற்கு வாயேஜர் கலமே அளவுகோல். நொடிக்குப் பதினேழு கிலோமீட்டர் விரையும் அது, நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனின் தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். வானொலி அலையோ அதே தொலைவை நான்கே கால் ஆண்டில் கடக்கும். இடையிலுள்ள தூசும் வளிமமும் அதனைத் தடுப்பதில்லை. அதற்குச் செலவாகும் ஆற்றலும் சிறிது. எந்த அலைவரிசையில் தேடுவது? அகிலத்தில் மிகுதியாக உள்ள தனிமம் ஹைட்ரஜன். அது உமிழும் 21 சென்டிமீட்டர் அலை, வானியல் அறிந்த எவருக்கும் தெரிந்திருக்கும். மொழி தெரியாத இருவர் குறிப்பு ஏதுமின்றிச் சந்திக்க வேண்டுமாயின் ஊர்நடுவே உள்ள கோயில் வாயிலைத் தேர்ந்தெடுப்பது போல, அகிலத்தார் அனைவருக்கும் பொதுவான அவ்வலைவரிசையைத் தேர்ந்தனர் அவ்விருவரும்.

அக்கட்டுரையை அறியாமலே அதே எண்ணத்தில் ஃபிராங்க் டிரேக் என்னும் இளம் வானியலாளர் கருவி அமைத்துக்கொண்டிருந்தார். 1960 ஏப்ரலில் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் என்னும் மலைநாட்டு ஊரில், 26 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்னும் இரு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். இரண்டும் பத்து, பன்னிரண்டு ஒளியாண்டுத் தொலைவில் உள்ளவை. ஏதும் கேட்கவில்லை, ஆயினும் ஓர் அறிவியல் அன்று பிறந்தது. மறு ஆண்டில் அதே ஊரில் அறிஞர் சிலரைக் கூட்டி, பால்வழியில் எத்தனை நாகரிகங்கள் நம்மோடு தொடர்புகொள்ளக் கூடியவை என்பதை ஏழு காரணிகளின் பெருக்கமாக அவர் எழுதிக் காட்டினார். அவற்றுள் கடைசிக் காரணி, ஒரு நாகரிகம் சைகை விடுத்தவாறு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது. மற்றவற்றை வானியலும் உயிரியலும் ஒருநாள் அளந்து சொல்லக்கூடும். கடைசியதை அளக்க நம்மிடம் உள்ள ஒரே எடுத்துக்காட்டு நாம்தான். நம் கணக்கோ இன்னும் முடியவில்லை.

இயற்கையின் ஒலியிலிருந்து அறிவின் ஒலியை எவ்வாறு பிரித்தறிவது? விண்மீன்களும் வளிமமுகில்களும் உமிழும் அலைகள் அகன்ற அலைப்பட்டையில் பரவிக் கிடக்கும். ஒருசில ஹெர்ட்ஸ் அகலமே உள்ள கூரிய அலையை இயற்கை உண்டாக்குவதாக அறியப்படவில்லை; அதனைக் கருவிகளே உண்டாக்கும். அச்சைகை சுழலும் கோளிலிருந்து வருமாயின் அதன் அதிர்வெண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அந்நகர்வு நம் புவியின் சுழற்சியோடு ஒத்துப்போகுமா, வேறுபடுமா என்பதும் ஒரு சோதனை. லேசர் ஒளியாலும் செய்தி விடுக்கலாம் என்று 1961இலேயே சார்லஸ் டவுன்ஸ் என்பாரும் ராபர்ட் ஷ்வார்ட்ஸ் என்பாரும் சுட்டினர். நூறு கோடியில் ஒரு பங்கு நொடி மட்டுமே நீடிக்கும் ஒளித்துடிப்பு, அக்கணத்தில் தன் தாய் விண்மீனையும் விஞ்சி ஒளிர முடியும். செய்தியே விடுக்காதவர்களையும் கண்டறியலாம் என்றார் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன்: பேராற்றலைப் பயன்படுத்தும் எந்நாகரிகமும் கழிவெப்பத்தை வெளியிட்டே தீரும், அது அகச்சிவப்பு ஒளியாக விண்ணில் தெரியும். இவ்வாறு தேடும் வழிகள் பெருகியுள்ளன. கிடைத்தது என்ன என்று கேட்போருக்கு, இதுவரை ஒன்றுமில்லை என்பதே நேரிய விடை.

இத்துறையினரைக் கற்பனையில் மிதப்போர் என எள்ளுவாரும் உளர். அவர்களுக்கு மூன்று நிகழ்ச்சிகளை நினைவூட்டுதல் தகும். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்னும் ஆய்வு மாணவி, 1.3 நொடிக்கு ஒருமுறை கடிகாரம் போலத் துடிக்கும் சைகையைக் கண்டார். வேற்றுலகோர் என்னும் ஐயம் எழாமலில்லை. ஆயினும் அவர் தொடர்ந்து தேடி, வானின் வேறொரு மூலையிலும் அத்தகைய துடிப்பைக் கண்டதும், இது இயற்கையே எனத் தெளிந்தது. துடிப்பு விண்மீன் என்னும் புதுப்பொருள் அறிவியலுக்குக் கிட்டியது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல்லாண்டுகளாகத் தென்பட்ட விளங்காத அலைகள், அங்கு உணவு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை நேரத்துக்கு முன் திறந்ததால் எழுந்தவை என 2015இல் கண்டறியப்பட்டது. அதே தொலைநோக்கி 2019இல் பிராக்சிமா செந்தூரி விண்மீனின் திசையில் 982 மெகா ஹெர்ட்ஸில் ஒரு கூரிய சைகையைப் பதிவு செய்தது. அதனைக் கண்ட குழுவினரே ஓராண்டுக்கு மேல் அலசி, அது நம் கருவிகளின் குறுக்கீடே என 2021இல் அறிவித்தனர். தாம் வாழ்நாள் முழுதும் வேண்டி நிற்கும் ஒன்று கையில் கிட்டியது போலத் தோன்றுகையில், அதனைப் பொய்ப்பிக்க அவர்களே முனைகின்றனர். இத்தகைய நேர்மை எத்துறையில் இருப்பினும் வணங்கத்தக்கது.

அறுபது ஆண்டு தேடியும் கிட்டவில்லையே என்பது அடுத்த வாதம். 2018இல் ஜேசன் ரைட் என்னும் வானியலாளரும் அவர்தம் மாணவர்களும் இதற்கு ஒரு கணக்குப் போட்டனர். திசைகள், அதிர்வெண்கள், தொலைவு, ஆற்றல், காலம் என யாவற்றையும் சேர்த்துத் தேட வேண்டிய பரப்பை உலகப் பெருங்கடல்களாகக் கொண்டால், இதுவரை தேடியது ஒரு சிறு நீச்சல் தொட்டியின் அளவு நீரே எனக் கண்டனர். அத்தொட்டியில் மீன் இல்லை என்பதால் கடலில் மீனே இல்லை என எவரும் முடிவு கட்டமாட்டார்.

ஒருநாள் உண்மையான சைகை கிட்டுவதாகவே கொள்வோம். அதனைப் புரிந்துகொள்வோமா? கணிதமும் இயற்பியலும் அகிலத்துக்குப் பொது என்பதால் அவற்றைக் கொண்டு தொடங்கலாம் என்பது அறிஞர் கருத்து. 1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோவிலிருந்த 305 மீட்டர் தொலைநோக்கி, எம்13 என்னும் விண்மீன் திரளை நோக்கி மூன்று நிமிடத்துக்கும் குறைவான செய்தி ஒன்றை விடுத்தது. 1,679 இருமக் குறிகள் கொண்டது அது. அவ்வெண் 23, 73 என்னும் இரு பகா எண்களின் பெருக்கம். ஆதலால் குறிகளை அடுக்கும்போது செவ்வகப் படமாக விரியும். ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள், உயிர்க்கு அடிப்படையான ஐந்து தனிமங்கள், மரபணுவின் முறுக்கு, மனித உருவம், ஞாயிற்றுக் குடும்பம் ஆகியன அதில் அடங்கின. அறிவுக்கூர்மை மிக்க அமைப்பே. ஆயினும் படம் என்பதே கண்ணுடையோர்க்கு உரியது; கண்ணுடையோர் யாவரும் நாம் வரைவதுபோல் வரைவர் என்பதற்கும் உறுதியில்லை.

இதற்குச் சான்று தேடி விண்ணுக்குச் செல்ல வேண்டியதில்லை. சிந்துவெளி முத்திரைகளை எழுதியவர் நம்மைப் போன்ற கண்ணும் கையும் உடைய மாந்தரே. நாம் நடக்கும் மண்ணில் நடந்தவரே. அவற்றின் எழுத்தை ஐராவதம் மகாதேவன் போன்ற பேரறிஞர் வாழ்நாள் முழுதும் ஆய்ந்தனர். அதனைப் படித்துத் தெளிவோர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு வழங்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. எல்லாரும் ஏற்கும் வாசிப்பு இன்னும் பிறக்கவில்லை. நாலாயிரம் ஆண்டு இடைவெளியே மனிதரின் எழுத்தை மனிதர்க்குப் புதிராக்கிவிடுமாயின், வேற்றுலகத்தின் செய்தி பல நூற்றாண்டுகள் படிக்கப்படாமலே கிடக்கக்கூடும். ஆனால் முத்திரையைக் கண்ட மாத்திரத்தில், இதனைப் பொறித்தோர் இருந்தனர் என்பது ஐயமின்றித் தெரிகிறதன்றோ? வேற்றுலகச் சைகையும் அவ்வாறே. உட்பொருள் மறைந்திருப்பினும், விடுத்தவர் உளர் என்பது அன்றே தெளியும். அத்தெளிவு ஒன்றே மனித வரலாற்றை இரு கூறாக்கப் போதுமானது.

உரையாடல் என்னும் சொல்லையும் நாம் கவனத்தோடு கையாள வேண்டும். ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவு பால்வழியின் அளவில் அண்மையே. அங்கு ஒரு வினா விடுத்து விடை பெற ஈராயிரம் ஆண்டுகள் ஆகும். சங்கப் புலவர் ஒருவர் கேட்டிருந்தால் இன்று நமக்கு மறுமொழி வந்திருக்கும். கேட்டவரை மறுமொழி சென்றடையாது. அவர்தம் மொழி நம்மிடம் இருப்பதால் அது நமக்குப் பொருளாகும், அவ்வளவே. ஆகவே இம்முயற்சி தனிமனிதர் ஆயுளோடும் அரசுகளின் ஐந்தாண்டுக் கணக்கோடும் பொருந்துவதன்று. தலைமுறைகள் பல தொடர்ந்து காத்து வரும் நூலகம் போல, பொது நிறுவனங்களால் பேணப்பட வேண்டியது.

இங்கேதான் பேசுவோர் பற்றிய கேள்வி எழுகிறது. அரேசிபோச் செய்தி வெளியானபின், பிரிட்டனின் அரச வானியலாளரும் நோபெல் பரிசு பெற்றவருமான மார்ட்டின் ரைல் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தார். விண்ணில் யார் இருக்கிறார், எத்தகையவர் என அறியாமல் நம் இருப்பிடத்தை அறிவிப்பது ஆபத்து என்றார் அவர். ஸ்டீவன் ஹாக்கிங்கும் பிற்காலத்தில் அவ்வாறே எச்சரித்தார். இருப்பினும் 1999 முதல் கிரிமியாவின் எவ்பட்டோரியாவிலுள்ள எழுபது மீட்டர் தொலைநோக்கியிலிருந்து பல செய்திகள் விடுக்கப்பட்டன. 2017இல் நார்வேயின் டிரோம்சோவிலிருந்து, 12 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள லூய்ட்டன் விண்மீனை நோக்கி இசைத்துணுக்குகள் சென்றன. 2008இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலுள்ள அறிவியல் ராடாரிலிருந்து, ஏறத்தாழ 45 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனை நோக்கிச் சோள வறுவல் விளம்பரம் ஒன்று ஒலிபரப்பப்பட்டது. மனித குலத்தின் சார்பில் விண்ணுக்குச் சென்ற செய்திகளின் வரிசையில் அதுவும் ஒன்றாக நிற்கிறது. அதனைச் சினமின்றி எழுத நம்மால் இயலவில்லை.

பேச விழைவோரின் வாதத்தையும் மதித்தே நோக்க வேண்டும். நம் ஒலிபரப்புகள் நூறாண்டாக விண்ணில் கசிந்துகொண்டேதான் உள்ளன, இனி மறைவதற்கு என்ன இருக்கிறது என்பர். எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தால் பேசுவார் யார் என்றும் வினவுவர். முதல் வாதம் முழுமையன்று. கசியும் அலைகள் தொலைவின் இருமடி வீதத்தில் மெலிந்துபோகின்றன; ஒரு விண்மீனைக் குறிவைத்து விடுக்கும் குவிந்த கற்றை அவற்றினும் பன்மடங்கு வலியது. இரண்டாவது வாதத்தில் வலு உண்டு என்பதை ஒப்புகிறோம். ஒருநாள் மனித குலம் பேசத் துணியலாம். துணிவது பெருமையாகவும் இருக்கலாம். அம்முடிவை எடுக்கும் உரிமை ஒரு தொலைநோக்கியின் நேரத்தை விலைக்கு வாங்கியவருக்கு இல்லை என்பதே நம் வாதம்.

பொறுப்பும் அன்பும் மிக்கவர்கள் பேசினாலும் என்ன நேரும் என்பதற்கு வாயேஜர் கலம் ஏந்திச் செல்லும் பொன் ஒலித்தட்டு ஓர் எடுத்துக்காட்டு. 1977இல் வானியலாளர் கார்ல் சேகன் தலைமையிலான சிறு குழு, குறுகிய காலத்தில் உருவாக்கிய அருஞ்செல்வம் அது. பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி இராகம் அதில் ஒலிக்கிறது. 55 மொழிகளில் வாழ்த்துகள் உள்ளன. சுமேரியம், அக்காடியம் போன்ற வழக்கொழிந்த மொழிகள் உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை. இதனைக் குறையாகச் சொல்ல வரவில்லை. அக்குழுவினர் உள்நோக்கம் ஏதும் உடையவர் அல்லர். கிடைத்த சிறிது காலத்தில், எட்டிய தொலைவில் இருந்தோரைக் கொண்டு பதிவு செய்தனர். புவியின் சார்பாகப் பேசும் வாய்ப்பு யாருக்குக் கிட்டுகிறது என்பதை, யார் அருகிலிருந்தார் என்னும் தற்செயல் முடிவு செய்தது. நல்லோர் கையிலேயே இவ்வாறாயின், விளம்பரதாரர் கையில் என்னாகும்?

சைகை கிட்டினால் செய்ய வேண்டியது என்ன என்பதற்குப் பன்னாட்டு விண்பயண அறிவியல் கழகம் 1989இல் நெறிமுறைகள் வகுத்தது. முதலில் சரிபார்த்தல், பின் உலகறியச் செய்தல், பன்னாட்டுக் கலந்தாய்வின்றி மறுமொழி விடுக்காமை ஆகியன அவற்றின் சாரம். நன்று. ஆயினும் அவை எந்நாட்டையும் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. நாமே முந்திக்கொண்டு செய்தி விடுப்பதை அவை தடுக்கவுமில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை இதுபற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. இவ்விடைவெளியை ஐக்கிய நாடுகள் அவை நிரப்ப வேண்டும்.

கேட்கும் பணிக்கோ காசில்லை. நாசா நிறுவனம் 1992 அக்டோபர் 12 அன்று, கொலம்பஸ் அமெரிக்கா அடைந்த ஐந்நூறாம் ஆண்டு நிறைவு நாளில், முறையான தேடலைத் தொடங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 கோடி டாலர் செலவு. மறு ஆண்டே, நெவாடாவின் செனட்டர் ரிச்சர்ட் பிரையன் கொண்டுவந்த திருத்தத்தால் அது நிறுத்தப்பட்டது. அதன்பின் தேடல் பெரும்பாலும் தனியார் கொடையால் நடக்கிறது. 2015இல் செல்வர் யூரி மில்னர் அறிவித்த பத்தாண்டு, பத்துக் கோடி டாலர் திட்டம் அதில் தலையாயது. கொடையாளரை வாழ்த்துவோம். ஆயினும் தலைமுறைகள் நீள வேண்டிய பணியை ஒரு செல்வரின் விருப்பத்தில் விட்டுவைப்பது அறிவுடைமையாகாது. அரேசிபோவின் கதையும் போதிய ஆதரவின்மையின் கதையே. 2020இல் கம்பிவடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. டிசம்பர் 1 அன்று 900 டன் எடையுள்ள மேடை கீழே சரிந்து தட்டைத் தகர்த்தது. அதனை மீண்டும் கட்டப்போவதில்லை என 2022இல் அமெரிக்க அறிவியல் அறக்கட்டளை அறிவித்தது.

பணமாவது மீண்டும் வரலாம். அழியும் அமைதி எளிதில் மீளாது. 1,400 முதல் 1,427 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள குறுகிய பட்டையில் எவரும் அலை உமிழக் கூடாது எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதித்துள்ளது. ஹைட்ரஜனின் குரல் கேட்பதற்காகவே அவ்விதி. கிரீன் பேங்கைச் சூழ்ந்து 1958 முதல் வானொலி அமைதி வட்டாரம் ஒன்று பேணப்படுகிறது. இவை யாவும் தரையிலிருந்து எழும் இரைச்சலைத் தடுக்க வகுக்கப்பட்டவை. இன்றோ இரைச்சல் தலைக்குமேலிருந்து பொழிகிறது. இயங்கும் செயற்கைக்கோள்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் உட்கருவிகளிலிருந்து, அவற்றுக்கு ஒதுக்கப்படாத அலைவரிசைகளிலும் கதிர்வீச்சு கசிவதை நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கி 2023இல் பதிவு செய்தது. அடுத்த தலைமுறைக் கோள்களில் அது 32 மடங்கு வரை வலிதாயிருப்பதாக 2024இல் காட்டியது. மலைநாட்டுச் சிற்றூர்க்கும் கடல்நடுத் தீவுக்கும் இணையம் கொண்டுசேர்க்கும் அக்கோள்களின் பயனை நாம் மறுக்கவில்லை. அவற்றின் கருவிகளுக்கு மறைப்பு இடுவதும், தொலைநோக்கிகளின் மேலே கடக்கும்போது ஒலியடக்குவதும் பொறியியலால் இயல்வனவே. வற்புறுத்துவார் இல்லாமையே குறை.

இதில் நமக்கு நேரடிப் பங்கு உண்டு. ஊட்டியை அடுத்த முத்தோரையில், கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970இல் எழுந்த வானொலித் தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ அத்தனை பாகைச் சரிவுள்ள மலையைத் தேடிக் கண்டு, கருவியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாகக் கிடக்குமாறு அதனை அமைத்தனர். ஒரே அச்சில் சுழன்று ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் வானின் ஒரு புள்ளியைத் தொடர்ந்து நோக்க அது வல்லது. வறிய நாடாக இருந்த காலத்தில் நாம் செய்த அருஞ்செயல் அது. புனேவை அடுத்து 45 மீட்டர் குறுக்களவுள்ள முப்பது தட்டுகளோடு அமைந்த மாபெரும் மீட்டர் அலைத் தொலைநோக்கி பின்னர் எழுந்தது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உருவாகிவரும் சதுர கிலோமீட்டர் அணித் தொலைநோக்கியில் பங்கேற்க நடுவணரசு 1,250 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்துள்ளது. இக்கருவிகள் வேற்றுலகோரைத் தேடவென்றே அமைந்தவை அல்ல. எனினும் அவை வானியலுக்காகத் திரட்டும் அதே அலைகளில் அத்தேடலையும் உடன் நிகழ்த்தலாம். தனிச் செலவு சிறிதே ஆகும்.

2027இல் கூடவுள்ள உலக வானொலித் தொடர்பு மாநாட்டில், செயற்கைக்கோள் தொகுதிகளிடமிருந்து வானொலி வானியலைக் காப்பதும், நிலவில் தகவல்தொடர்பை ஒழுங்குபடுத்துவதும் ஆய்பொருள்களாக வருகின்றன. நிலவின் மறுபக்கம் புவியின் இரைச்சல் எட்டாத இடம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளும் அதனைக் காப்பிடமாக ஏற்றுள்ளன. பல நாட்டுக் கலங்கள் அங்கு விரையும் இக்காலத்தில் அவ்விதி உறுதிபெறாவிடில், இன்னும் சில பத்தாண்டுகளில் அங்கும் இரைச்சல் குடியேறிவிடும். சந்திரயானை நிலவின் தென்துருவப் பகுதியில் இறக்கிய இந்தியா அம்மாநாட்டில் பார்வையாளராக அமர்ந்திருத்தல் தகாது. மறுபக்கத்தின் அமைதியைக் கட்டுப்படுத்தும் விதியாக்கவும், செயற்கைக்கோள்களின் உட்கசிவுக்கு வரம்பு விதிக்கவும் நம் பேராளர்கள் தீர்மானம் கொணர வேண்டும். விண்ணை நோக்கிக் குவிந்த செய்தி விடுப்பதற்குப் பன்னாட்டு இசைவு கட்டாயம் என்னும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகளின் விண்வெளிக் குழுவில் முன்மொழியவும் வேண்டும். முத்தோரையிலும் புனேவிலும் இத்தேடலுக்கெனச் சிறு நிதி ஒதுக்கி, இளம் ஆய்வாளர்களை அமர்த்துவதற்கு எம்மாநாட்டையும் எதிர்நோக்க வேண்டியதில்லை. வரும் நிதியாண்டிலேயே அதனைச் செய்யலாம்.